‘இருக்கிறாயா?’ என்று கேட்கும் ஆணை

துறைமுகத்துக்குள் நுழையும் கப்பலின் அடியில் எத்தனை மீட்டர் தண்ணீர் இருக்கிறதென்று தெரியாமல் மாலுமி அதைச் செலுத்த மாட்டார். இராயபுரத்திலும் எண்ணூரிலும் வாழும் வாசகர்களுக்கு இது புதிய செய்தியல்ல. முற்காலத்தில் கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கி ஆழம் பார்த்தார்கள். இன்று குண்டுக்குப் பதில் ஒலியை இறக்குகிறார்கள். கப்பலின் அடிப்பாகத்திலிருந்து புறப்படும் ஒலித் துடிப்பு கடலடித் தரையில் மோதித் திரும்புகிறது. கடல்நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும். ஆழம் 15 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போகவும் வரவும் 30 மீட்டர்; ஆகவே எதிரொலி வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்தில் வந்துவிடும்.

1912-இல் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியபின் இம்முறைக்கு வேகம் பிறந்தது. 1914 ஏப்ரலில் ரெஜினால்ட் ஃபெசன்டன் என்பவர் ‘மியாமி’ என்னும் அமெரிக்கக் கப்பலில் இருந்தபடி பனிப்பாறையின் எதிரொலியையும் கடலடியின் எதிரொலியையும் பிடித்துக் காட்டினார். பின்னாளில் நீர்மூழ்கிகளைத் தேடும் ‘சோனார்’ கருவியின் துடிப்பு ‘பிங்’ என்று காதில் விழுந்தது. அந்த ஓசைதான் ஒரு கணிப்பொறி ஆணைக்குப் பெயராயிற்று.

அந்த ஆணை எதற்கு? இன்று துறைமுகத்தில் ஒரு கன்டெய்னர் வெளியேற வேண்டுமானால் அதன் சுங்கப் பத்திரங்கள் கணிப்பொறி வழியே நகரவேண்டும். கேட்ட தகவலைத் தரும் கணிப்பொறிக்குச் ‘சர்வர்’ என்று பெயர். அது எங்கோ தொலைவில் இருக்கும். அது பதில் தராவிட்டால் இங்கே லாரி நிற்கும். ஓட்டுநரின் ஒரு நாள் கூலியும் அதோடு நிற்கும். சர்வர் படுத்துவிட்டதா, அல்லது வழியில் ஏதேனும் அறுந்துவிட்டதா? இதை அறிவது எப்படி?

1981 செப்டம்பரில் ஜான் போஸ்டல் வெளியிட்ட வலையமைப்பு விதிகளில் இதற்கு வழி இருந்தது. ஒரு கணிப்பொறி ‘எதிரொலி வேண்டும்’ என்று ஒரு தகவல் பொட்டலத்தை அனுப்பினால், பெற்ற கணிப்பொறி அதிலுள்ளதை அப்படியே திருப்பி அனுப்பவேண்டும். வழி இருந்ததே தவிர, அதைக் கையாளும் எளிய கருவி இல்லை. 1983 ஜூலையில் நார்வேயில் நடந்த ஒரு கூட்டத்தில், இத்தகைய எதிரொலிப் பொட்டலங்களின் நேரத்தை அளந்து பார்த்ததாக டேவிட் மில்ஸ் சொன்னார். அதைக் கேட்டிருந்த மைக் மூஸ் என்னும் அமெரிக்க இராணுவ ஆய்வுக்கூட வல்லுநர், அவ்வாண்டு டிசம்பரில் தம் வலையமைப்பு முரண்டு செய்தபோது, ஓர் இரவு அமர்ந்து ‘பிங்’ ஆணையை எழுதி முடித்தார். கல்லூரியில் சோனார் பற்றிப் படித்தவர் ஆதலால் பெயரும் உடனே அகப்பட்டது. தம் வாழ்நாளில் இதுவே பேர்பெறும் என்று தெரிந்திருந்தால் இன்னும் ஓரிரு நாள் உழைத்திருப்பேனே என்று அவர் பின்னர் எழுதினார். 2000-இல் ஒரு சாலை விபத்தில் அவர் மறைந்தார்.

ஆணையைத் தட்டச்சு செய்து சர்வரின் பெயரைக் கொடுத்தால், வினாடிக்கொரு பொட்டலம் போகும். திரும்பியது எது, எத்தனை மில்லி வினாடியில் என்று திரையில் வரிவரியாய் வரும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002-இல் போடப்பட்ட கடலடிக் கம்பியின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்வரக் குறைந்தது 32 மில்லி வினாடி! கப்பலின் அடியில் 15 மீட்டர் போய்வர ஒலிக்கு 20 மில்லி வினாடி ஆகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிங்கப்பூர் நமக்கு எவ்வளவு அருகில் வந்துவிட்டது!

அதே 1983-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட யூனிக்ஸ் தொகுப்பில் வேறொரு வழி இருந்தது. அதன் பெயர் ‘ஆர்-அப்டைம்’. இங்கே யாரும் கேட்கவேண்டியதில்லை. அந்த வலையிலுள்ள ஒவ்வொரு கணிப்பொறியும் ஏறத்தாழ 3 நிமிடத்துக்கு ஒருமுறை ‘நான் இருக்கிறேன், இத்தனை நாளாய் ஓடுகிறேன்’ என்று தானே அறிவிக்கும். 11 நிமிடம் அறிவிப்பு வராவிட்டால் அதன் பெயருக்கு எதிரே ‘வீழ்ந்தது’ என்று திரை காட்டும். திருவொற்றியூர்க் கரையிலிருந்து கிழக்கே பார்த்தால் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்கள் தெரியுமல்லவா? 2004 இறுதிக்குள் சர்வதேசப் பயணம் செய்யும் பெரிய கப்பல்களில் கட்டாயமாக்கப்பட்ட ஏ.ஐ.எஸ். என்னும் வானொலிக் கருவியும், கப்பல் நங்கூரத்தில் நிற்கையில் 3 நிமிடத்துக்கு ஒருமுறை அதன் இடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று செய்ததில்லை, தேவை ஒன்றாயிருந்தது.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. பதில் வரவில்லை என்பதற்குச் சர்வர் இறந்தது என்று பொருளல்ல. 1996 வாக்கில், அளவுக்கு மீறிய பிங் பொட்டலத்தை ஏவிச் சில கணிப்பொறிகளை வீழ்த்தலாம் என்பது தெரியவந்தது. இத்தகைய அச்சங்களால் பல நிறுவனங்கள் பிங்குக்குக் கதவை அடைத்தே வைத்திருக்கின்றன. நன்றாக உழைக்கும் சர்வரும் வாய் திறக்காது. மாறாக, பதில் வந்துவிட்டால் எல்லாம் நலம் என்பதும் தவறு. எதிரொலியைத் திருப்புவது கணிப்பொறியின் அடித்தட்டு வேலை. மேலே சுங்கக் கணக்கு நிரல் உறைந்து கிடந்தாலும் எதிரொலி வந்துகொண்டுதான் இருக்கும்.

‘அப்டைம்’ காட்டும் எண்ணையும் அப்படியே நம்பிவிட முடியாது. பழைய லினக்ஸ் கணிப்பொறிகளில் வினாடிக்கு 100 துடிப்பு வீதம் எண்ணும் ஒரு 32 பிட் கணக்கி இருந்தது. சுமார் 497 நாளில் அது நிரம்பிப் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். ஒன்றரை ஆண்டு ஓயாமல் உழைத்த சர்வர், நேற்றுப் பிறந்ததுபோல் காட்சி தரும்!

ஆகவே அனுபவசாலிகள் அருகிலிருந்து தொடங்குகிறார்கள். முதலில் தம் கணிப்பொறிக்கே, அதாவது 127.0.0.1 என்ற முகவரிக்கு, ஒரு பிங்; அடுத்து அறையிலுள்ள ரூட்டர் பெட்டிக்கு; அதற்கப்புறம் நகருக்கு வெளியே; கடைசியில் சர்வருக்கு. எந்த இடத்தில் எதிரொலி நிற்கிறதோ, அதற்குச் சற்று அப்பால் கோளாறைத் தேடவேண்டும். எல்லாம் ஒழுங்காகத் திரும்பினால், 1998-இல் வெளிவந்த ‘கர்ல்’ என்னும் ஆணையால் சர்வரிடம் ஒரு பக்கத்தையே கேட்டுப் பார்க்கிறார்கள். பக்கம் வந்தால்தான் அது வேலை செய்கிறதென்று எழுதிக்கொள்கிறார்கள்.