ஃபேகல்டி அட்வைசர் ஆவது எப்படி? தகுதி என்ன, வேலை என்ன, மாணவர்கள் மனம்விட்டுப் பேச என்ன செய்யணும்?

"சார், வீட்டுக்கு மட்டும் போன் பண்ணிடாதீங்க..." கல்லூரி ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. அட்டெண்டன்ஸ் குறைந்த மாணவர் எதிரே நிற்கிறார். ஒரே போனில் விஷயத்தை முடித்துவிடலாம். ஆனால் அவர் ஏன் வரவில்லை என்று முதலில் கேட்பதற்காகவே கல்லூரியில் ஒருவர் இருக்கிறார். அவர்தான் ஃபேகல்டி அட்வைசர். சில கல்லூரிகளில் மென்டர், சில இடங்களில் டியூட்டர்.

இந்தப் பொறுப்புக்கு வருவது எப்படி?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இது தனி வேலை. நம்ம ஊரில் அப்படி இல்லை. பாடம் நடத்தும் ஆசிரியருக்கே இந்தப் பொறுப்பும் தரப்படும். அண்ணா பல்கலைக்கழக விதிமுறைப்படி, துறைத் தலைவர் குறிப்பிட்ட எண்ணிக்கை மாணவர்களை ஓர் ஆசிரியரிடம் ஒப்படைப்பார்.

அதனால் முதலில் உதவிப் பேராசிரியர் ஆக வேண்டும். பொறியியல் என்றால் பி.இ., எம்.இ. முடித்து, இரண்டில் ஒன்றில் முதல் வகுப்பு தேவை. கலை, அறிவியல் என்றால் முதுநிலையில் 55 சதவீத மதிப்பெண்ணுடன் நெட் அல்லது செட் தேர்ச்சி, இல்லையென்றால் பிஎச்.டி. வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு மதிப்பெண்ணில் 5 சதவீதத் தளர்வு உண்டு.

என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

முதலில் அட்டெண்டன்ஸ் கணக்கு. அண்ணா பல்கலைக்கழகத் தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். 65 முதல் 75 சதவீதத்துக்குள் இருந்தால், மருத்துவக் காரணம், விளையாட்டு போன்றவற்றுக்கு உரிய சான்றிதழ் கொடுத்து அனுமதி பெறலாம். அதற்கும் கீழே போனால் அந்த செமஸ்டரையே மறுபடி படிக்க வேண்டியதுதான்.

உதாரணத்துக்கு, செமஸ்டரில் 80 வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம். 20 நாள் வரை லீவு தாங்கும். பாதி செமஸ்டரிலேயே 15 நாள் போயிருந்தால், மிச்சம் 5 நாள்தான். இதைக் கடைசி வாரத்தில் சொன்னால் அது தண்டனை. பாதியிலேயே சொன்னால் உதவி.

அடுத்தது பணம். மாணவர் வராததற்குப் படிப்பு பிடிக்காதது மட்டும் காரணமாக இருக்காது. ஃபீஸ் கட்ட முடியாமல் இருக்கலாம், இரவு வேலைக்குப் போகலாம். முதல் பட்டதாரி கட்டணச் சலுகை, அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் பற்றி அட்வைசருக்குத் தெரிந்திருந்தால், ஒரு மாணவரின் படிப்பே தப்பிக்கலாம்.

நம்பிக்கையைப் பெறுவது எப்படி?

* பிரச்சினை வந்த பிறகு கூப்பிடாதீங்க. முதல் மாதத்திலேயே ஒவ்வொருவரிடமும் தனியாகப் பத்து நிமிடம் பேசுங்க. ஊர், வீடு, பஸ் நேரம், ஹாஸ்டல் சாப்பாடு என்று சாதாரணமாகத் தொடங்கினால் போதும்.

* வகுப்பில் எல்லோர் முன்னாலும் அரியர் கணக்கைக் கேட்காதீங்க. அப்படி ஒரு தடவை அவமானப்பட்டவர் மறுபடி உங்க அறைக்கு வரமாட்டார்.

* "ஏன் வரலை?" என்பதைவிட "என்னாச்சு?" என்று கேளுங்க. முதல் கேள்விக்குச் சாக்குதான் பதிலாக வரும்.

* வீட்டுக்குச் சொல்ல வேண்டியிருந்தால், மாணவரிடம் முதலில் சொல்லிவிட்டு, முடிந்தால் அவரை வைத்துக்கொண்டே பேசுங்க.

* "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொன்னால் அந்த வாரமே பாருங்க. மென்டர் நோட்டில் கையெழுத்து வாங்குவது மட்டும் வழிகாட்டுதல் ஆகாது.

எல்லை எங்கே?

"யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீங்க. உயிருக்கு ஆபத்து, ராகிங், பாலியல் தொல்லை ஆகிய மூன்றையும் மறைக்க முடியாது. முதலாம் ஆண்டில் 17 வயது மாணவர்களும் இருப்பார்கள். 18 வயதுக்குட்பட்டவருக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், போக்சோ சட்டப்படி புகார் தெரிவிப்பது கட்டாயம். கல்லூரியில் பாலியல் தொல்லை என்றால் உள்ளகப் புகார்க் குழு இருக்கிறது. இந்த எல்லையை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

இரவில் தனியாக சாட் செய்வது, கடன் கொடுப்பது, காதல் விவகாரத்தில் நடுவராக நிற்பது இதெல்லாம் வேண்டாம். அட்வைசர் மனநல மருத்துவரும் கிடையாது. தூக்கமின்மை, தொடர்ந்த சோர்வு, வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு இருந்தால் உடனே உரியவர்களிடம் அழைத்துப் போக வேண்டும்.

நல்ல அட்வைசரை எப்படி அடையாளம் காண்பது? பிரச்சினை முற்றிய பிறகு அல்ல, அதற்கு முன்பே மாணவர் அவர் அறைக் கதவைத் தட்டுவார்.

உதவி எண்கள்: மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, தமிழ்நாடு சுகாதார உதவி 104, பெண்கள் உதவி 181, ராகிங் புகாருக்கு 1800-180-5522.