எர்த்துப் பட்டை

1979-இல் நாமக்கல்லில் லாரி வயரிங் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது டீசல் பம்பில் கரண்டுக்கு வேலையில்லை. ஓடத் தொடங்கிவிட்ட என்ஜின் பேட்டரியைக் கழற்றினாலும் ஓடும். செல்ஃப், டைனமோ, விளக்கு, ஹாரன். எங்கள் உலகம் அவ்வளவே. பழுதைத் தேடுவதற்கு ஒரு பல்பும் இரண்டு வயரும்.

என்ஜினை இறக்கி, சிலிண்டருக்குப் போர் போட்டு மறுபடி ஏற்றிய வண்டி ஒன்று வந்தது. செல்ஃப் முனகியது, சுற்றவில்லை. பேட்டரி இரண்டும் நல்லவை. மேஸ்திரி ஆக்சிலேட்டர் கேபிளைத் தொடச் சொன்னார். சுட்டது! “எர்த்து கெடைக்காம கரண்டு இதுல ஓடுதுடா” என்றார். என்ஜினையும் சேஸிசையும் இணைக்கும் செம்புப் பின்னல் பட்டையைப் புதுப் பெயின்ட் மேலேயே முறுக்கியிருந்தார்கள். சுரண்டி மாட்டினோம், உடனே பிடித்தது. எனக்கு இந்தத் தொழில் பிடித்துப்போனதும் அன்றுதான்.

பிறகு ஆல்டர்னேட்டர் வந்தது. 2017-இல் பி.எஸ்.4, 2020-இல் பி.எஸ்.6 புகை விதிகள் நாடெங்கும் கட்டாயமாகி, டீசலை அளப்பதே கம்ப்யூட்டர் பெட்டி என்றானது. பையன்கள் ஸ்கேனர் செருகுகிறார்கள்; அதுவும் வேண்டியதுதான். ஆனால் என்ஜின் இறக்கி ஏற்றிய வண்டி என்றால், மீட்டரின் ஒரு முனையை என்ஜினிலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வைத்துத்தான் செல்ஃப் அடிக்கச் சொல்கிறேன். அரை வோல்ட்டைத் தாண்டினால் உப்புத்தாள் எடுப்பேன்.