மூச்சைக் கவனித்த ஆசிரியை



அச்சம் வந்தால் மூச்சு அடைக்கிறது, தோள் இறுகுகிறது. இதை நாம் எல்லாரும் அறிவோம். இவ்வுண்மையைப் பாடமாக்கியவர்களுள் ஒருவர் ஜெர்மனியின் எல்சா கிண்ட்லர் அம்மையார்.

1885-ஆம் ஆண்டு பெர்லினில் பிறந்த அவர் ஓர் உடற்பயிற்சி ஆசிரியை. உழைத்துக் களைக்கும் மக்களின் உடற்பயிற்சியைப் பற்றி 1926-இல் கட்டுரை எழுதினார். அவருடைய வகுப்பில், ‘என்னைப் பார்த்துச் செய்’ என்ற கட்டளை இல்லை. மூச்சு எங்கே தடைப்படுகிறது என்பதை மாணவர் தாமே கண்டறிய வேண்டும். தம் உடலை அறியாதவர் பிறர் துயரை எவ்வாறு ஆற்றுவார்?

நாஜி ஆட்சியில் துன்புற்ற யூதர்களுக்கு அவர் துணைநின்றார். 1945-இல், போரின் இறுதி நாள்களில், அவருடைய பயிற்சிக்கூடமும் குறிப்புகளும் எரிந்து சாம்பலாயின. ஆயினும் அவர் தந்த கல்வி அழியவில்லை. மாணவி சார்லட் செல்வர் 1938-இலேயே அதனை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றிருந்தார். மனநல மருத்துவர் பிரிட்ஸ் பெர்ல்ஸ் அவரிடம் பயின்றார். உடல்வழியே மனக்காயம் ஆற்றுவோர் இன்று பெறும் பயிற்சிக்கு இதுவும் ஒரு வேர்.

நம் பிள்ளை வாய் திறவாமல் தோளைக் குறுக்கி நின்றால், அதட்டுமுன் அந்த உடல் சொல்வதைச் சற்றே கவனிப்போம்.