பேர்லினில் அச்சான ஒரு புத்தகம்

மலர்க்குழுப் பிள்ளைகள் ஒவ்வொரு சித்திரைக்கும் "ஐயா, ஏதாவது எழுதித் தாங்கோ" எண்டு கேட்பதும், நான் ஊர்த் திருவிழாவைப் பற்றியோ பள்ளிக்கூட நாட்களைப் பற்றியோ நாலு பக்கம் எழுதிக் கொடுப்பதும் வழக்கம். இம்முறை வேறொரு நாட்டவரின் கதையைச் சொல்லப் போகிறேன். அதன் முக்கியமான பகுதி நாம் வாழும் இந்த ஜேர்மனியிலேயே நடந்தது.

வைத்தியசாலைச் சமையலறையில் என்னோடு பல வருஷம் வேலை செய்த பிலிப்பைன்ஸ் பெண்மணி ஒருவர், டிசெம்பர் 30 ஆம் திகதி வந்தால் எப்படியாவது லீவு எடுத்துவிடுவார். ஒருநாள் காரணம் கேட்டேன். "அண்டைக்குத்தான் எங்கட ரிசாலைச் சுட்டவை. அவற்ற புத்தகம் இந்த நாட்டிலதான் அச்சானது, உமக்குத் தெரியாதோ?" எண்டார். எனக்குத் தெரியாது. உருளைக்கிழங்கு உரித்தபடியே அவர் சொன்ன கதை என்னை விடவில்லை. பிறகு நானே தேடிப் படித்தேன்.

ஹோசே ரிசால் 1861 ஜூன் 19 இல், மணிலாவுக்குத் தெற்கேயுள்ள கலம்பா என்ற ஊரில் பிறந்தார். அந்தத் தீவுகளை அப்போது ஸ்பெயின் மூன்று நூற்றாண்டுகளாக ஆண்டுகொண்டிருந்தது. ஊர்க் காணிகள் கிறிஸ்தவத் துறவிகளின் சபைக்குச் சொந்தம். ரிசாலின் குடும்பம் குத்தகைக்காரர். அவருக்குப் பத்து வயதாயிருக்கும்போது தாயார் தெயோடோரா மீது பொய்க்குற்றம் சாட்டி, மாகாணத் தலைநகர் வரை நடக்கவைத்துக் கொண்டுபோய் இரண்டரை வருஷம் சிறையில் வைத்தார்கள். 1872 இல் உள்நாட்டுக் குருமார் மூவர் கலகக்காரர் என்று கொல்லப்பட்டனர். அவர்களில் ஒருவரான புர்கோஸ், தமையன் பாசியானோவின் ஆசிரியர்.

1882 இல் ரிசால் வைத்தியம் படிக்க ஸ்பெயினுக்குக் கப்பலேறினார். கப்பல் காலியிலும் கொழும்பிலும் நின்றது. சிங்கப்பூரையும் மணிலாவையும் விடக் கொழும்பு அழகானது என்று குறித்து வைத்திருக்கிறார். எங்கட துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு போன அந்த இருபது வயதுப் பெடியன்தான் பின்னாளில் ஒரு நாட்டின் வீரனானான்.

ஜேர்மனியில் ரிசால்

கண் வைத்தியத்தில் தேர்ச்சி பெற 1886 இல் ஹைடல்பேர்க் வந்தார். பக்கத்திலுள்ள வில்ஹெல்ம்ஸ்பெல்ட் என்ற சிற்றூரில் ஒரு பாதிரியார் வீட்டில் தங்கி, மட்ரிட்டில் தொடங்கிய தன் நாவலின் கடைசி அதிகாரங்களை எழுதினார். அவ்வூரில் இன்று அவருக்குச் சிலை உண்டு.

அந்தக் குளிர்காலம் பேர்லினில் கழிந்தது. ஊரிலிருந்து காசு வரவில்லை. ஒரு நேரச் சாப்பாடு, ஓயாத இருமல். அச்சடிக்க வழியில்லாமல் கையெழுத்துப் பிரதியை நெருப்பில் போடவும் நினைத்தாராம். நண்பர் மாக்சிமோ வியோலா கொடுத்த 300 பெசோவில் 1887 மார்ச்சில் 2000 பிரதிகள் அச்சாகின. செலவைக் குறைக்க ஒரு அதிகாரத்தையே வெட்டினார். இடையில் பொலிஸ் வீடு தேடி வந்து கடவுச்சீட்டைக் கேட்டது. பிரெஞ்சு உளவாளியோ என்ற சந்தேகம். கடவுச்சீட்டு இல்லை; நாட்டைவிட்டு அனுப்பப் போவதாக மிரட்டினார்கள். ஒருவாறு விளங்கப்படுத்தித் தப்பினார்.

இதை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். நானும் பேர்லினில் வந்து இறங்கியது 1986 இல். சரியாக நூறு வருஷம் கழித்து, அதே குளிர், அதே கேள்வி.

நாவல் சொன்னது என்ன?

"நோலி மே தாங்கெரே" என்பது லத்தீன். "என்னைத் தொடாதே" என்று பொருள். ஐரோப்பாவில் படித்துவிட்டு ஊர் திரும்பும் இபார்ரா என்ற இளைஞன், தகப்பன் சிறையில் செத்ததையும், ஒரு குருவின் கட்டளையால் அவர் உடல் சேமக்காலையிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டதையும் அறிகிறான். அவன் பழிவாங்கப் போகாமல் ஒரு பள்ளிக்கூடம் கட்டப் பார்க்கிறான். அதையும் விடவில்லை. பிள்ளைகளை இழந்து சித்தம் கலங்கிய சீசா என்ற தாயின் கதையும் இதில் வருகிறது. பிலிப்பைன்ஸ்காரருக்கு அவள் பெயரைச் சொன்னாலே போதும்.

ரிசால் அந்நியரை மட்டும் சாடவில்லை. முகத்தில் மா அப்பித் தன்னை ஸ்பானியச் சீமாட்டியாகக் காட்டித் திரியும் டோனா விக்டோரினா என்ற உள்ளூர்ப் பெண்ணையும் படைத்தார். சிரிப்பு வரும், பிறகு எங்கட மண்டபங்களில் கண்ட சில முகங்களும் ஞாபகம் வரும். நோயை மறைத்தால் மருந்து கிடையாது என்பது இந்த வைத்தியரின் எண்ணம்.

நூல் தடைசெய்யப்பட்டது. ஆனாலும் பிரதிகள் களவாகத் தீவுகளுக்குள் போய்ச் சேர்ந்தன.

ஒரு பெயர் பிறந்த கதை

அக்காலத்தில் "பிலிப்பினோ" என்ற பெயர் அத்தீவுகளில் பிறந்த ஸ்பானியருக்கே உரியது. மண்ணின் மக்களை "இந்தியோ" என்று இளக்காரமாக அழைத்தார்கள். ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தீவுகள், நூற்றுக்கு மேற்பட்ட மொழிகள். அவர்களுக்குத் தங்களை "நாம்" என்று சொல்ல ஒரு பொதுப் பெயர் இருக்கவில்லை. ரிசாலும் நண்பர்களும் "பிலிப்பினோ" என்ற பெயரை எல்லோருக்குமாக எடுத்துக்கொண்டார்கள். 1889 இல் பாரிசில் தங்கள் நண்பர் வட்டத்துக்கு "வீர இந்தியோக்கள்" என்றே பெயர் வைத்து, ஏச்சையும் பெருமையாக்கினார்கள்.

பெயர் மட்டும் போதாது, பழைய வரலாறும் வேண்டும் என்று ரிசால் நினைத்தார். லண்டன் பிரித்தானிய நூதனசாலையில் இருந்து, மோர்கா என்ற ஸ்பானிய அதிகாரி 1609 இல் வெளியிட்ட நூலைக் கையால் பிரதி எடுத்து, குறிப்புகளோடு பாரிசில் பதிப்பித்தார். வெள்ளையர் வருமுன்பே எமக்குத் தொழிலும் வாணிபமும் இருந்தன என்று காட்டுவதே நோக்கம். "எங்கட ஆக்கள் சோம்பேறிகள்" என்ற பேச்சுக்கு 1890 இல் ஒரு நீண்ட கட்டுரையில் பதில் எழுதினார்: சோம்பல் இருக்கிறது, ஆனால் அது இரத்தத்தில் வந்ததல்ல, உழைப்பின் பலனைப் பிடுங்கியதால் வந்தது.

முடிவு

1891 இல் கலம்பாவில் குத்தகைக்காரர் வெளியேற்றப்பட்டார்கள். ரிசாலின் குடும்பமும் வீடிழந்தது. அதே வருஷம் பெல்ஜியத்தில் வெளியான இரண்டாவது நாவல் கசப்பானது. இபார்ரா வேறு பெயரில் திரும்பி வந்து வன்முறைக்குத் திட்டமிட்டுத் தோற்கிறான்.

ரிசால் 1892 இல் நாடு திரும்பினார். சில நாட்களில் கைது. தப்பித்தான் என்ற தொலைவூருக்கு நாடுகடத்தினார்கள். அங்கே நாலு வருஷம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார், வைத்தியம் செய்தார், ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். மணிலாவில் பண்டகசாலை ஊழியரான பொனிபாசியோ தொடங்கிய இரகசிய இயக்கம், ரிசாலின் பெயரையே அடையாளச் சொல்லாக வைத்திருந்தது. 1896 புரட்சியை ரிசால் ஏற்கவில்லை. ஆயத்தமில்லாத எழுச்சி என்று கண்டித்து அறிக்கையும் எழுதினார். இருந்தும் அரசு அவரை விடவில்லை. 1896 டிசெம்பர் 30 இல் மணிலாவில் சுட்டுக் கொன்றார்கள். வயது 35. கடைசிக் கவிதையை ஒரு சிறு அடுப்புக்குள் ஒளித்துச் சகோதரியிடம் கொடுத்திருந்தார்.

புரட்சியை மறுத்தவரைத் தேசிய வீரர் என்பதா என்று அங்கேயே விவாதம் உண்டு. கண்ணை மூடி வணங்காதீர்கள் என்று வரலாற்றாசிரியர் ரெனாட்டோ கொன்ஸ்டான்டினோ 1969 இல் சொன்னார். 1956 இல், திருச்சபையின் எதிர்ப்பையும் மீறி, அவருடைய நாவல்களைப் பாடமாக்கிச் சட்டம் வந்தது. என்னோடு வேலை செய்த பெண்மணிக்கு அந்தக் கதை தெரிந்தது அதனால்தான்.

மகளின் கேள்வி

வில்ஹெல்ம்ஸ்பெல்டில் சிலையைப் பார்த்துவிட்டு வரும்போது என் மகள் கேட்டாள்: "அப்பா, அவர் தன்ர பாஷையில எழுதேல்லையே. ஸ்பானிசிலதானே எழுதினவர். பிறகென்னெண்டு அவையின்ர ஆளானவர்?"

அவள் ஏன் கேட்டாள் எண்டு எனக்கு விளங்கியது. அவள் டொச்சில் எழுதுவதற்காக நான் எத்தனையோ தரம் பேசியிருக்கிறேன். அண்டைக்கு என்னிடம் பதில் இல்லை. பிறகுதான் படித்து அறிந்தேன்: ரிசால் 1886 இல் ஷில்லரின் "வில்ஹெல்ம் டெல்" நாடகத்தை டொச்சிலிருந்து தாகலொக்குக்கு மொழிபெயர்த்தார். மருமக்களுக்காக அண்டர்சனின் சிறுவர் கதைகளையும் மொழிபெயர்த்தார். மூன்றாவது நாவலைத் தாகலொக்கிலேயே தொடங்கினார், முடிக்க முடியவில்லை. ஆள்பவனுக்கும் உலகத்துக்கும் விளங்க வேண்டியதை அவர்களின் மொழியில் எழுதினார். வீட்டுப் பிள்ளைகளுக்கு வீட்டு மொழியில் எழுதினார்.

மகளிடம் இதைச் சொன்னேன். இப்போது நான் பேசுவதில்லை. அவள் டொச்சில் எழுதட்டும். ஆனால் அம்மம்மா சொன்ன கதைகளில் ஒன்றையாவது தமிழில் எழுதித் தா எண்டு கேட்டிருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தாலும் பரவாயில்லை. அடுத்த வருஷ மலரில் என் பக்கத்தை அவளுக்குக் கொடுக்க நினைக்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமும் கேட்டுப் பாருங்கோ.

எல்லோருக்கும் சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.