பிழையாக எழுதப்பட்ட இரண்டு பெயர்கள்

உலகமெங்கும் ஆய்வுகூடங்களில் வளரும் ஹீலா கலங்களைப் பற்றி, உயிரியல் படித்த நண்பர்கள் சொல்லித்தான் கலைப்பீடத்துக்காரரான எங்களுக்குத் தெரியும். ஆனா அவை யாருடையவை, என்ன நோயிலிருந்து வந்தவை என்று தேடினால், பதிவேடு இரண்டு இடத்தில் பிழை விட்டிருக்கு.

1951இல் பால்டிமோர் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலைக்கு வந்தவர் ஹென்றியேட்டா லாக்ஸ். கறுப்பினப் பெண், ஐந்து பிள்ளைகளின் தாய். கருப்பைக் கழுத்திலிருந்து எடுத்த இழையத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தவர்கள், வழமையான தட்டைக் கலப் புற்றுநோய் என்று எழுதினார்கள். அவரைக் கேட்காமலே எடுத்த கலங்கள் ஆய்வுகூடத்தில் பெருகின. அவரோ அதே வருடம் ஒக்டோபரில், 31 வயதில் இறந்துபோனார்.

பிறகு பழைய கண்ணாடித் துண்டுகளைத் திரும்பப் பார்த்தபோதுதான், அது சுரப்பிக் கலங்களில் தொடங்கும் அரிதான அடினோகார்சினோமா என்று தெரிந்தது. பரவலான வகையையே எதிர்பார்த்துப் பழகிய கண்ணுக்கு அரிதானது தப்பிவிடும். அன்று இரண்டுக்கும் ரேடியம்தான் சிகிச்சை. ஆகவே இந்தப் பிழைதான் அவரைக் கொன்றது என்று சொல்ல முடியாது.

1971இல் வந்த ஒரு மருத்துவக் கட்டுரை நோயின் பெயரைத் திருத்தியது. "ஹெலன் லேன்" என்றே உலகம் அறிந்திருந்த பெண்ணின் உண்மைப் பெயரும் அதிலே அச்சானது. கலங்களை 20 வருடம் உற்றுப் பார்த்தவர்களுக்கு ஆளைப் பார்க்க இவ்வளவு காலம் எடுத்ததுதான் எங்களுக்குச் செமிக்கவில்லை.