மண்ணுக்குள் நார்



குதிர் கட்டும்போது சேற்றில் வைக்கோலை நறுக்கிப் போட்டு மிதிப்பதைப் பார்த்திருப்பீங்க. அது இல்லாவிட்டால் காயும்போதே வெடித்துவிடும். கடைக்காலுக்கு அடியில் இருக்கும் மண்ணுக்கும் இதே சங்கதிதான். மண் அழுத்தத்தை ஓரளவு தாங்கும், இழுவையைத் தாங்காது. சுவர்ப் பாரம் ஏறினால் அடிமண் பக்கவாட்டில் விலகப் பார்க்கும். நடுவே நார் கிடந்தால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

இது ரொம்பப் பழைய வித்தை. பாக்தாத்துக்குப் பக்கத்தில் அகர்கூஃப் என்ற இடத்தில், கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் பச்சைக் கல்லால் எழுப்பிய கோபுரம் ஒன்று உண்டு. சில வரிசைக்கு ஒரு தரம் நாணல் பாய் விரித்திருக்கிறார்கள். எவ்வளவோ கரைந்தும், 50 மீட்டருக்கு மேல் இன்னும் நிற்கிறது! சீனாவின் மேற்குக் கோடியில் ஹான் அரசர்கள் காலத்துச் சுவரிலும் சரளை ஒரு அடுக்கு, நாணல் ஒரு அடுக்கு.

கைப்பழக்கமாக இருந்ததைக் கணக்காக்கியவர் பிரான்சு தேசத்துப் பொறியாளர் ஆன்றி விதால். 1960-களில் மண்ணுக்குள் இரும்புப் பட்டைகளை அடுக்கிச் சுவர் எழுப்பிக் காட்டினார். ஆனால் இரும்பு துருப்பிடிக்கும், நாணல் மக்கும். 1954-இல் இத்தாலியில் ஜூலியோ நாத்தா பாலிபுரொப்பிலீனை உருவாக்கினார். நம்ம உரச்சாக்கு நெய்கிற அதே சரக்கு. ஈரத்தில் மக்காது, சுண்ணாம்பும் சிமெண்டும் அதை அரிக்காது.

1983-இல் அமெரிக்காவில் கிரே, ஓஹாஷி என்ற இருவர் மணலில் நாணல், பிளாஸ்டிக் இழை, செம்புக் கம்பி எல்லாவற்றையும் கலந்து சோதித்தார்கள். அதிலே பனைநாரும் இருந்தது என்றால் நமக்குச் சந்தோஷந்தானே? நார் சேர்ந்த மணல் அதிகப் பாரம் தாங்கியது; தாங்க முடியாத கட்டத்திலும் சட்டென்று சரியவில்லை. அதே பத்தாண்டில் பிரான்சில் மணலோடு பாலியஸ்டர் நூலைக் கலந்து 'டெக்சால்' என்று கொண்டுவந்தார்கள். 100 கிலோ மணலுக்கு 100 முதல் 200 கிராம் நூல்தான்!

இதைப் படித்துவிட்டு நானும் ஒரு காரியம் செய்தேன். கரிசல் காட்டில் ஒரு மோட்டார் கொட்டகைக்கு, சாக்கு இழையைப் பிய்த்துக் குழியில் போடச் சொன்னேன். இழை கொத்துக் கொத்தாகச் சுருண்டுகொண்டது. அடுத்த மழைக்குச் சுவர் விரிசல் விட்டது. தப்பு என்னுடையது. இழை சீராகக் கலக்கணும், ஈரப் பதம் பார்த்துத் திமிசு போடணும். கரிசல் ஊதுவதை நார் குறைக்குமே தவிர நிறுத்தாது. மண்ணைச் சோதித்த பொறியாளரைக் கேட்காமல் இறங்காதீங்க.

இன்னொன்று. மக்காத குணம் கடைக்காலுக்கு அடியில் வரம், வயலில் சாபம். தோண்டிய இடத்தைச் சுற்றிச் சிந்தின இழையை அன்றைக்கே பொறுக்கிவிடுங்க. புல்லோடு சேர்த்து மாடு தின்றுவிடும்.