தகடூரும் ஒரு வசைச்சொல்லும்

குளித்த கையோடு துண்டில்லாமல் ஓடும் பிள்ளையை ‘அம்மணமா ஓடாதடா’ என்றுதான் தருமபுரியில் எந்த அம்மாவும் அதட்டுவார். அந்தச் சொல்லுக்குள் ஒரு மதச்சண்டை ஒளிந்திருக்கிறது. ‘ஸ்ரமண’ என்ற சொல் தமிழில் சமணர், அமணர் என்றானது. அவர்களில் ஆடை துறந்தவர்களை வைத்து, அமணம் என்றாலே நிர்வாணம் என்று பொருள் வந்து, அதுவே அம்மணமாக இறுகிவிட்டது. ஒரு மதத்தின் பெயர், கூச்சப்பட வேண்டிய நிலைக்குப் பெயராகிவிட்டது.

இதைத் தருமபுரியில் வைத்துப் பேசக் காரணம் உண்டு. இதுதான் பழைய தகடூர், அதியமான்களின் ஊர். அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, தெற்கே உள்ள அண்டை நாட்டவரில் சதியபுத்திரரையும் சேர்க்கிறது. யார் அது என்று ஆய்வாளர்கள் வெகுகாலம் மல்லுக்கட்டினார்கள். 1981இல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் கிடைத்த ஒரே ஒரு வரி தமிழ் பிராமிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சியைச் சதியபுதோ என்று சொல்லிச் சண்டையைத் தீர்த்துவைத்தது. அவன் கொடுத்த பாளியை, அதாவது துறவிகள் தங்கும் குகையைப் பற்றிய கல்வெட்டு அது.

அசோகரின் அதே வரிசையில் பன்னிரண்டாம் கல்வெட்டு முழுக்க நாக்கைப் பற்றியது. காரணமில்லாமல் தன் மதத்தைத் தூக்கிப் பிடிக்காதே, அடுத்தவன் மதத்தை இகழாதே, அப்படி இகழ்ந்தால் கெடுவது உன் மதம்தான் என்கிறார். மதக்குழுக்கள் எல்லாவற்றுக்கும் அவர் வைக்கும் பொதுப்பெயர் ‘பாசண்டம்’. அதில் துளியும் வசை இல்லை. சிலப்பதிகாரத்தில் பாசண்டச் சாத்தன் என்று ஒரு தெய்வமே உண்டு. ஆனால் மனுவின் நூலில் பாசண்டி, ஊரைவிட்டுத் துரத்த வேண்டியவன். ‘தேவானாம்பிரிய’ என்ற அசோகரின் பட்டப்பெயரைக்கூடப் பிற்கால வடமொழி இலக்கணக்காரர்கள் முட்டாள் என்ற பொருளுக்கு ஒதுக்கினார்கள். நாக்கை அடக்கச் சொன்ன ஆளுக்குக் கிடைத்த மரியாதை!

தமிழில் இந்த வசையின் உச்சம் 7ஆம் நூற்றாண்டு. சம்பந்தரின் பதிகங்களில் பத்தாம் பாட்டு பெரும்பாலும் சமணரையும் பௌத்தரையும் திட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்டது. சமணரும் சளைத்தவர்கள் இல்லை. பௌத்தரை நீலகேசி நன்றாகவே கிண்டலடிக்கிறது. ஆனாலும் நீலகேசி பெரும்பாலும் கொள்கையோடு மோதுகிறது. சம்பந்தர் கை வைப்பது உடம்பில்: பல் விளக்காதவன், முடியைப் பிய்த்துக்கொள்பவன், நின்றுகொண்டே தின்பவன். கொள்கையை மறுக்க அதைப் படித்திருக்க வேண்டும். ஊத்தைப்பல் என்று சிரிக்க ஒன்றும் தெரிய வேண்டாம். அதனால்தான் இந்த வகை வசை இவ்வளவு தூரம் ஓடியது என்று நினைக்கிறேன்.

அதற்காக ஊரே சமணரை வெறுத்தது என்று முடிவுகட்ட முடியாது. சம்பந்தருக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழித்து, 893இல், இதே தகடூரில் ஒரு வணிகரின் மக்கள் நிதியண்ணனும் சந்தியண்ணனும் சமணக் கோயில் கட்டியிருக்கிறார்கள். கல்வெட்டு கன்னடத்தில் இருக்கிறது. பதிகத்தில் சமணர்கள் பெயரில்லாத கும்பல்; இந்தக் கல்லில் ஆளுக்கொரு பெயர். நொளம்ப அரசன் மகேந்திரன் மூலப்பள்ளி என்ற ஊரைக் கொடுக்க, நிதியண்ணன் அதை வாங்கி, கோயிலைப் பழுதுபார்க்கவும் பூசை நடத்தவும் கனகசேனர் என்ற துறவியிடம் ஒப்படைத்திருக்கிறார்.